வளைவில் வந்து உட்கார்ந்த முனியப்பன்

பிப்ரவரி 3, செவ்வாய்

உரக்கடைக்காரர் கொடுத்த டைரி ஒரு மாதமாகத் தையல் மிஷின் மேல் சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சி மருந்தின் படம். இன்றைக்குக் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது. சரி, எழுதலாம் என்று எடுத்தேன்.

எழுத என்ன இருக்கிறது? கடைக்கு முன்னால் ரோடு இருக்கிறது. பழனிக்குப் போகிற ரோடு. எங்கள் கரட்டுப்புதூருக்குள் நுழைந்ததும் ஒரு வளைவு எடுக்கும். வளைவுக்கு இந்தப் பக்கம் என் தையல் கடை, அதற்குப் பின்னால் வீடு. அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, சேனாதிபதியின் பேக்கரி. ரோட்டை அகலப்படுத்தியதிலிருந்து இங்கே ஓர் ஊர் இருப்பதே வண்டிக்காரர்களுக்கு மறந்துவிட்டது.

நவம்பரில் என் வீட்டுக்காரர் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும்போது ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். கால் கூடிவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்கிறார் டாக்டர். இவரும் நடக்கிறார். மாட்டுக் கொட்டகைக்கு நடக்கிறார், கிணற்றுக்கு நடக்கிறார். ரோட்டுப் பக்கம் மட்டும் வருவதில்லை. நாற்காலியைக்கூடக் கொட்டகையைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். பாலைப் பக்கத்து வீட்டு ருக்மணிதான் கொண்டுபோய் ஊற்றுகிறாள்.

எனக்கு அதில் ஒன்றுமில்லை. நான் மனுப் போட்டு வேகத்தடை கேட்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக.

பிப்ரவரி 9, திங்கள்

கலெக்டர் ஆபீசில் மனு நாள். மறுபடியும் ஒரு மனு. மறுபடியும் ஒரு ரசீது. போன மனுவுக்கு வந்த பதில், "பரிசீலனையில் உள்ளது." என் தையல் கடையில் இப்படிப் பரிசீலித்துக்கொண்டிருந்தால் ஊரில் ஒருத்தியும் ஜாக்கெட் போட முடியாது.

திரும்பும்போது பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டு. "பள்ளிக்கூடம், மெதுவாகச் செல்லவும்" என்ற போர்டை மூன்று ஊர்களில் பார்த்தோம். டிரைவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. பிரிவு ரோட்டில் ஒரு கருப்பணசாமி கோயில் வந்தது. கோயில் என்று சொன்னாலும் ஒரு கல்லும் ஒரு வேலும்தான். அங்கே காலை எடுத்தார், ஹாரன் அடித்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். வண்டி அவ்வளவு மெதுவாகப் போனது, நான் இறங்கி நடந்து திரும்ப ஏறியிருக்கலாம்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பார்த்தேன், எழுதினேன்.

பிப்ரவரி 12, வியாழன்

பஞ்சாயத்துத் தலைவர் கோகிலவாணி நல்ல பெண். அவளால் ஆனதைச் செய்தாள். ஒரு பிளாஸ்டிக் டிரம்முக்கு வெள்ளை அடித்து, மண் ரொப்பி வளைவில் வைத்தாள். மறுநாளே லாரி தட்டிவிட்டது. அதற்கடுத்த நாள் மண் மட்டும் இருந்தது, டிரம்மைக் காணோம். யார் வீட்டுக் குளியலறையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொன்னால் சண்டை வரும்.

பிப்ரவரி 14, சனி

"ஏனுங்க, சித்த கடைக்கு முன்னால வந்து உக்காருங்களேன். ஆளுக வருவாங்க, பேசலாம்" என்றேன்.

"இங்கயே காத்து நல்லா வருதே" என்றார்.

கொட்டகையில் என்ன காற்று வரும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு பெரிய டிப்பர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இவர் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. நான் பார்க்காத மாதிரி உள்ளே வந்துவிட்டேன்.

கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய். அமாவாசை

முதுகு பிடித்துக்கொண்டது. விடியும் முன்பே எழுந்துவிட்டேன். வேறு விசேஷம் இல்லை.

பிப்ரவரி 18, புதன்

ஊரெல்லாம் ஒரே பேச்சு. வளைவில், எங்கள் கடைப் பக்கமாக, யாரோ ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பக்கத்தில் ஒரு வேலும் குத்திவைத்திருக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை. முனியப்பன் என்கிறார்கள். எனக்கும் பார்க்க அப்படித்தான் தெரிகிறது.

மத்தியானம் இவர் கேட்டார்: "ஏம்புள்ள, ஆட்டுக்கல்லுல குழவியக் காணோம்?"

"கிரைண்டர் இருக்கறப்ப அது எதுக்குங்க?"

"எதுக்கோ. காணோம்னு கேட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "கை என்ன மஞ்சளா இருக்குது?"

"கல்யாணத் துணி தெச்சேன். சாயம் போவுது."

கல்யாணமான புதிதில் எங்களுக்குக் கிரைண்டர் கிடையாது. குழவியை இவர் ஆட்டுவார், நான் மாவைத் தள்ளிவிடுவேன். கவுண்டர் வீட்டு ஆம்பளை மாவாட்டுகிறார் என்று ஊரே சிரித்தது. இவர் சிரித்தவர்கள் எல்லாரையும் இட்லி தின்ன வரச் சொன்னார். இது ஏனோ இன்றைக்கு ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 22, ஞாயிறு

வேலை செய்கிறது. முனியப்பனைத்தான் சொல்கிறேன்.

மிஷினில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்க்கிறேன். லாரி வரும், டிரைவர் கல்லைப் பார்ப்பான், வண்டி அடங்கும், ஒரு ஹாரன், ஒரு கும்பிடு. கார்க்காரர்களும் அப்படித்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் இத்தனை நாள் ஓடித்தான் கடந்தார்கள். வெள்ளிக்கிழமை நடந்து கடந்தார்கள். டிரைவர்கள் அதற்குள் பெயரும் வைத்துவிட்டார்கள், பிரேக் முனியப்பனாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

ரசீதுகளை எல்லாம் ஒரு கவரில் போட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

இவர் நாற்காலி பக்கவாட்டில் திரும்பிக் கிடக்கிறது. கொட்டகையையும் பார்க்கவில்லை, ரோட்டையும் பார்க்கவில்லை. பெருக்கும்போதுகூட அதை நகர்த்தாமல் சுற்றிப் பெருக்கினேன்.

மார்ச் 5, வியாழன்

இன்று காலை நாற்காலி கடைக்குள்ளேயே வந்துவிட்டது. "சும்மா உக்காந்திருக்கறதுக்கு ஹூக்காவது வெக்கறேன், குடு" என்றார். ஆறு ஜாக்கெட்டுக்கு ஹூக் தைத்தார். இரண்டு தலைகீழ். பிரித்துத் திரும்ப வைத்தேன், இவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்த நேரத்தில்.

சொசைட்டியில் யார் யார் பால் ஊற்ற வருகிறார்கள் என்று இங்கிருந்தே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "செல்லமுத்து கேன்ல இன்னிக்கும் தண்ணிதான் ஆடுது பாரு." நான் வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

மார்ச் 11, புதன்

முன்பு கும்பிட்டுக்கொண்டே போனார்கள். இப்போது நிறுத்தி இறங்கிக் கும்பிடுகிறார்கள். பழனிக்குப் போகிற டூரிஸ்ட் வேன், நெல் லாரி, புது ஆட்டோ வாங்கியவன் எல்லாம். ஒருவன் நிறுத்துவதைப் பார்த்து அடுத்தவன் நிறுத்துகிறான். வளைவின் இரண்டு பக்கமும் வண்டி வரிசை.

பேக்கரி சேனாதிபதி ஒரு கமிட்டி அமைத்து, தானே தலைவராகிவிட்டான். முனியப்பனுக்குத் தகரக் கூரை போட்டாகிவிட்டது. கற்பூரம், எலுமிச்சை, தேங்காய்க்கு ஒரு தள்ளுவண்டி. சாமி கும்பிட்டவர்கள் அப்படியே பேக்கரியில் டீயும் பன்னும் சாப்பிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்கள்.

"ஏனுங்கக்கா, நம்மூருக்கு நல்ல காலம் பொறந்திருச்சு பாத்தீங்களா?" என்றான்.

"உனக்குப் பொறந்திருச்சு" என்றேன். அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

மார்ச் 18, புதன். அமாவாசை

வளைவில் ஊசி குத்த இடமில்லை. வண்டிப் பூஜை என்று நடு ரோட்டில் பூசணிக்காய் உடைத்தார்கள். பிள்ளைகள் இரண்டு லாரிகளுக்கு நடுவில் தலையை நீட்டி எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிறார்கள். மறுபடியும் ஓடுகிறார்கள்.

மார்ச் 20, வெள்ளி

இன்றைக்கு எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 21, சனி

நேற்று எழுதியது பொய்.

நேற்றுச் சாயங்காலம் நான் குனிந்து பாவாடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் பக்கத்து நாற்காலியில் ஆளில்லை. ரோட்டோரத்தில் நிற்கிறார். ஒரு கையில் தடி, மறு கையில் பால் கேன். என்னிடம் சொல்லவில்லை, ருக்மணியிடமும் சொல்லவில்லை. நான்கு மாதம் கழித்து, தானாக. எனக்குச் சந்தோஷத்தில் கூப்பிடக்கூடப் பயமாக இருந்தது.

முனியப்பனுக்காக நிறுத்திய வேன் ஒன்று, அதை ஒட்டி ஒரு டெம்போ. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இவர் நின்றார். அங்கிருந்து பார்த்தால் ரோடு தெரியாது. ஓர் அடி வெளியே வைத்தார். வளைவிலிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்தது.

அந்தப் பிரேக் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கார் பம்பர் பால் கேனைத் தொட்டுக்கொண்டு நின்றது. கேன் உருண்டு, பால் எல்லாம் ரோட்டில். இவர் அசையாமல் நின்றார். நான் ஓடிப்போய்ப் பிடித்தபோது உடம்பு மொத்தமும் விறைத்திருந்தது.

கார்க்காரன் இறங்கித் திட்டினான். "பாத்து வரக் கூடாதாய்யா?" திட்டி முடித்துவிட்டு நேரே முனியப்பனிடம் போய்த் தேங்காய் உடைத்தான், பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றியதற்காக.

என்ன காப்பாற்றினார்? முனியப்பன் அங்கே இல்லாவிட்டால் அந்த வேன் நின்றிருக்காது. வேன் இல்லாவிட்டால் இவருக்கு ரோடு தெரிந்திருக்கும்.

நாற்காலி திரும்பக் கொட்டகைப் பக்கம் போய்விட்டது. நேற்று ராத்திரி சாப்பிடவில்லை. "வேணி, நாளையிலருந்து ருக்மணியே ஊத்தட்டும்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

இவருக்காக... இல்லை, பிள்ளைகளுக்காக யாரோ நல்லது நினைத்து வைத்த கல். அது இப்படியா ஆக வேண்டும்?

மார்ச் 24, செவ்வாய்

சேனாதிபதியிடம் போனேன். வண்டிகளை வளைவில் நிறுத்தவிடாதே என்றேன்.

"சாமி கும்புட வர்றவன எப்படீங்க்கா வெரட்டறது? கண்ணு அவிஞ்சு போயிருமுங்க."

"வெள்ளிக்கெழம ஒருத்தர் உசுரே போயிருக்குமே."

"போகலைல்ல? அதான் முனியப்பன்."

திரும்பி வந்துவிட்டேன். வரும் வழியில் போலீஸ் வைத்த "நோ பார்க்கிங்" போர்டைப் பார்த்தேன். அதன் மேல் ஒருவன் துண்டைக் காயப் போட்டிருந்தான்.

மார்ச் 27, வெள்ளி

அதிசயம். நெடுஞ்சாலைத் துறையிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். என் மனுவை ஒரு ஃபைலில் கட்டிக் கையிலேயே வைத்திருந்தார். வெயிலில் கறுத்துப்போன, பொறுமையான மனுஷன். வளைவின் இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார். கோகிலவாணியும் நானும் கூடவே போனோம்.

"வேகத்தடைக்கு உத்தரவு ஆயிடுச்சும்மா. வளைவுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் போட்டுத் தரேன். கோடு, எச்சரிக்கைப் பலகை எல்லாம் வரும். ஆனா இப்படி வண்டி நின்னா பலகை லாரிக்குப் பின்னால மறைஞ்சிடும். வேகமா வர்றவன் தடையில ஏறி, நிக்கிற வண்டி மேலயே விழுவான். முதல்ல ஓரத்தைக் காலி பண்ணிக் குடுங்க. இல்லைன்னா இந்த உத்தரவு வேற ஊருக்குப் போயிடும்."

"கோயில எடுத்தா வண்டி நிக்காதுங்க" என்றாள் கோகிலவாணி, மெதுவாக.

அவர் முனியப்பனைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார். "அதை நான் எழுத மாட்டேன். நீங்க ஊருக்குள்ள பேசிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மார்ச் 29, ஞாயிறு

ஊர்க் கூட்டம். கல்லை எடுத்து ஊருக்குள் மாரியம்மன் கோயில் பக்கம் வைக்கலாம் என்றாள் கோகிலவாணி. எல்லாரும் தலையாட்டினார்கள். யார் எடுப்பது என்றதும் எல்லாருக்கும் வேலை வந்துவிட்டது. கடைசியில் பூப்போட்டுப் பார்ப்பது என்று முடிவானது.

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டினாலும் கல்யாணம் பேசினாலும் இதுதான் வழக்கம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், இரண்டும் ஒன்று போல இருக்கும். சாமி முன்னால் போட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிவப்பு வந்தால் பேச்சில்லை.

எனக்குக் கவலையே இல்லை. உத்தரவு கொடுக்காமல் எங்கே போகும்? அதுவும் எங்கள் வீட்டு... சரி, விடு.

ஏப்ரல் 3, வெள்ளி

சிவப்பு.

ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. சேனாதிபதி அங்கேயே கிடா வெட்டு அறிவித்துவிட்டான். நான் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். மஞ்சளுக்கும் சந்தனத்துக்கும் அடியில் அது என்னைத் தெரிந்தமாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. யாரோ வைத்த கல்லுக்கு இத்தனை பிடிவாதம் ஆகாது.

ஏப்ரல் 5, ஞாயிறு

விடிந்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்று எழுதத் தேவையில்லை.

அங்கே எனக்கு முன்னாலேயே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஊர். விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். "போன வருசம் என்ற தம்பி இந்த வளைவுலதான் வண்டி அடிச்சுப் போனானுங்க. அப்பறம் இந்தப் பக்கமே வரல. இப்ப இங்க வந்து சித்த உக்காந்தா மனசுக்கு ஆறுதலா இருக்குதுங்க" என்றாள். பிறகு கடப்பாரையைப் பார்த்துவிட்டு, "கொடிக்கம்பம் நடறீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க" என்றேன்.

அவளுக்குத் துணையாக நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். அந்தக் கல் இனி யாருடையது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நிச்சயமாக என் சொல் கேட்கிற கல் இல்லை.

வீட்டுக்கு வந்து கடப்பாரையைச் சுவரில் சாய்த்தேன். அழுகை வந்துவிட்டது. அடக்க முடியாமல் அழுதேன். இவர் கொட்டகைப் பக்கமிருந்து பார்த்தார், எழுந்து வந்தார், கடப்பாரையைப் பார்த்தார். ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஏப்ரல் 6, திங்கள்

என் அளவு டேப்பைக் காணோம் என்று தேடினால், இவர் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து குழியின் வாயை அளந்துகொண்டிருக்கிறார். பிறகு ஒரு நூலை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார். வேலையில்லாத மனுஷன் வேறென்ன செய்வார்? பாவமாக இருந்தது. டேப்பை வாங்கிக்கொண்டு வந்தேன், ஒரு கஸ்டமர் காத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சோறு போடும்போது சொன்னார்: "கேட்டதே தப்பு, வேணி."

"எதைங்க?"

"சாமியப் போய் நகந்துக்கன்னு கேட்டா அது எப்படி ஒத்துக்கும்? அது பாட்டுக்கு அங்க இருக்கட்டும். வண்டிதானே நமக்கு எடஞ்சல்? வண்டிய நகத்தலாமான்னு கேக்கோணும்."

"எங்க நகத்தறது?"

"நம்ம களம் சும்மாதானே கெடக்குது."

வளைவுக்கு முன்னாலேயே ரோட்டை ஒட்டி எங்கள் சிமெண்டுக் களம் இருக்கிறது. சோளம் விதைப்பதை விட்டதிலிருந்து அதில் நாய்தான் படுத்திருக்கிறது. லாரியே பத்து நிற்கும். களத்திலிருந்து முனியப்பன்வரை எங்கள் வேலிக்கு உட்பக்கமாகவே நடந்து போகலாம், ரோட்டில் கால் வைக்க வேண்டியதில்லை.

இத்தனை நாள் கொட்டகையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு இதைத்தான் யோசித்தீர்களா என்று கேட்க நினைத்தேன். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

இரண்டாவது பூ.

இவர் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டை, கையில் தடி. கடை வாசலைத் தாண்டி முனியப்பன்வரை. ரோட்டைக் கடக்க வேண்டியதில்லைதான், ஆனால் ரோட்டோரம். ஒரு லாரி போனபோது என் தோளைப் பிடித்தார். அது போனதும் விட்டுவிட்டார்.

இடம் கொடுப்பவர் என்பதால் பொட்டலம் மடிக்கிற மரியாதையை இவருக்கே கொடுத்தார் பூசாரி. இவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மெதுவாக மடித்தார். "வண்டியெல்லாம் களத்துக்குப் போறதுக்கு உத்தரவு குடுக்கோணும், சாமி" என்று பூசாரி கேட்டார். சின்னப் பெண் ஒருத்தி எடுத்தாள்.

வெள்ளை.

சேனாதிபதிக்கு முகம் சுருங்கியது. "உன்ற தள்ளுவண்டியக் களத்துல போட்டுக்க, சேனாதி. டீயும் அங்கயே வித்துக்க" என்றார் இவர். உடனே முகம் விரிந்துவிட்டது. அவன் கோபமெல்லாம் அவ்வளவு நேரம்தான்.

ஏப்ரல் 11, சனி

துணி துவைக்கும்போது இவர் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் தட்டுப்பட்டது. நேற்றுக் குழந்தை எடுக்காமல் விட்ட பொட்டலம். பிரித்தேன். உள்ளே வாடிப்போன வெள்ளை அரளி.

குழந்தை எடுத்ததும் வெள்ளைதானே? பிறகு பூவை மாடு வாய் வைக்காத இடமாகப் பார்த்துப் புதைத்துவிட்டுச் சட்டையை அலசிக் காயப்போட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரைக் கனி. கோகிலவாணி புதுப் பலகை வைத்தாள். "வளைவில் வண்டி நிறுத்தக் கூடாது. களத்தில் நிறுத்தி நடந்து வரவும். முனியப்பன் உத்தரவு." போலீஸ் போர்டில் துண்டு காயப்போட்டவனே தன் டெம்போவைப் பயபக்தியோடு களத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

ஏப்ரல் 23, வியாழன்

வேகத்தடை போட்டுவிட்டார்கள். இரண்டு பக்கமும். வெள்ளைக் கோடு, மினுக்குகிற கட்டைகள், பலகை. அந்த இன்ஜினியர் வெயிலில் குடைகூட இல்லாமல் நின்று போடவைத்தார். என் கடையில் மோர் குடித்தார். முனியப்பனைக் காட்டி, "யாரும்மா வெச்சது இதை?" என்று கேட்டார்.

"தெரியலீங்க" என்றேன். இவர் தலை நிமிராமல் ஹூக் தைத்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 30, வியாழன்

நாற்காலி கடை வாசலில் கிடக்கிறது. ரோட்டைப் பார்த்து. வண்டிகள் தடையில் ஏறி இறங்குவதை இவர் எண்ணுகிறார். "இவன் மெதுவா வந்தான். இவன் டொக்குனு வுழுந்தான், ஆக்சில் போயிருக்கும்." நாள் முழுக்க இதே பேச்சு. காது வலிக்கிறது. வலிக்கட்டும்.

மே 4, திங்கள்

சாயங்காலம் ருக்மணி வந்து பால் கேனைக் கேட்டாள். "நானே ஊத்தீட்டு வர்றேன், அம்மணி" என்றார் இவர்.

நான் மிஷினை விட்டு எழவில்லை. கூடப் போனால் பிடிக்காது. தலையைக் குனிந்து தைத்தேன். கோணலாகப் போனது, பார்க்காமலே தெரிந்தது. அப்புறம் பொறுக்க முடியாமல் நிமிர்ந்தேன்.

ஓரத்தில் நின்றார். இரண்டு பக்கமும் ரோடு வெகுதூரம் வெறிச்சென்று தெரிந்தது. ஒரு நெல் லாரி வந்தது, தடையில் ஏறி அடங்கி நின்றது. டிரைவர் கையை வெளியே நீட்டி, போங்க என்றான். இவர் போனார். அவசரப்படாமல், தடியை ஊன்றி ஊன்றி, கேன் தளும்பாமல். அக்கட்டில், எதிர் ஓரத்தில் கால் வைத்ததும் திரும்பிப் பார்த்தார், என்னைத்தான். நான் கையைக்கூட அசைக்கவில்லை. எனக்குக் கண்ணே தெரியவில்லை.

பால் ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும்? சொசைட்டி மூடிவிட்டார்கள். பேக்கரியில் விளக்குப் போட்டுவிட்டார்கள். ஆளைக் காணோம். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அக்கட்டிலிருந்து கடந்து வருகிறார். பின்னால் கல் கொத்துகிற பெண் ஒருத்தி, தலையில் சும்மாடு, அதன் மேல் சாக்கில் சுற்றிய ஏதோ கனமான பொருள்.

"எங்கங்க போனீங்க இவ்வளவு நேரம்?"

"சந்தைப்பேட்டைல அம்மி கொத்தறவங்க எறங்கியிருக்காங்கன்னு சொன்னாங்க." சட்டைப் பையிலிருந்து முடிச்சுப் போட்ட நூல் ஒன்றை எடுத்துக் காட்டினார். "அளவு சரியா அமைஞ்சுது."

அந்தப் பெண் சாக்கை ஆட்டுக்கல் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போனாள். பிரித்தேன். புதுக் குழவி. பச்சைக் கல்லில் உளி விழுந்த புள்ளிகள் இன்னும் வெள்ளையாக இருந்தன.

"இது எதுக்குங்க இப்ப? கிரைண்டர்தான் இருக்குதே."

"எதுக்கோ," என்றார். "அங்க உக்காந்திருக்கறவரு இனி ஊட்டுக்குத் திரும்பி வர மாட்டாருல்ல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. குழவியைத் தடவிக்கொண்டே கேட்டேன்: "ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூவ வெச்சவருக்குக் கண்ணு அவியாதா?"

"சட்டப் பையத் தொளாவிப் பாத்துத் தொவைக்கோணும்னு உனக்கு யாரு சொன்னது?"

ருக்மணி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து என்ன சிரிப்பு என்று கேட்டாள். இரண்டு பேராலும் சொல்ல முடியவில்லை.

புதுக் கல். முதலில் தவிடு போட்டு ஆட்டிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மாவில் மண் கடிக்கும். இவர் இப்போதே ஆட்டிக்கொண்டிருக்கிறார், நான் தள்ளிவிடப் போக வேண்டும். அரிசியும் உளுந்தும் நாளைக்கு ஊறப்போடுகிறேன்.